பின்வரிசைக்குக் கேட்ட கதை

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அந்த நாளில் ஓர் இலவச வாசகசாலை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அதன் முற்றத்தில் பாய் விரித்து, மேசை போட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்துவிடுவார்கள். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்குமாகப் புத்தகம் வாசிக்கப்படும். வாசிப்பவர் நூலகர் பாண்டுரங்கன். நல்ல மனிதர், நிறைய படித்தவர். ஆனால் சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சல் அவர் தொண்டையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. பட்டுத்துணியை மடிக்கிற சத்தம்தான் அவர் குரல்.

லூர்துமேரி அங்கே வந்தது கதை கேட்க அல்ல. சாந்தோம் குப்பத்திலிருந்து மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு, திரும்பும் வழியில் கால் வலித்தது. முற்றத்துக்குள் நுழைந்தாள். மீன் கூடையோடு ஜனங்களுக்கு நடுவே உட்காரக் கூச்சமாக இருந்ததால் மேசைக்குப் பக்கவாட்டில், பூவரச மரத்தடியில் ஒதுங்கினாள். அதனால் பாண்டுரங்கன் வாசித்த ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது.

பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தையற்காரர் பீர் முஹம்மது எழுந்து நின்றார்.

"அம்மா, இவரு என்னதான் சொல்றாரு? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

"கப்பல் கிளம்பிக்கினு கீதாம்! பொண்ணு கரையில நின்னு பாத்துக்கினே கீதாம்!" என்றாள் லூர்துமேரி.

வஞ்சிரம், வவ்வால் என்று மூன்று தெருவுக்குக் கேட்கக் கூவிப் பழகிய குரல். முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாண்டுரங்கனும் பார்த்தார். கோபப்படவில்லை. அடுத்த வரியை வாசித்துவிட்டு, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமை அவள் கூடையைக் குடிசையில் வைத்துவிட்டு, குளித்து, தலைமுடிந்து வந்தாள். அவர் வாசிப்பார், அவள் உரக்கச் சொல்வாள். கடற்காற்று சந்துக்குள் புகுந்து விளக்கின் வெளிச்சத்தை மெல்ல ஆட்டும். பூவரச இலைகளின் நிழல் ஜனங்களின் முகங்களில் நீந்தும். அந்த நேரத்தில் லூர்துமேரிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். வாயிலிருந்து வருவது தன் குரல்தான் என்பதுகூட அவளுக்கு நம்பமுடியாததாக இருக்கும்.

அப்போது நடந்துகொண்டிருந்தது ஒரு தடித்த நாவல். மாணிக்கம் என்கிற இளைஞன் சொர்ணத்தைக் கட்டிக்கொண்ட மறுவருஷமே மலாக்காவுக்குக் கப்பலேறுகிறான். நடுக்கடலில் புயல் பிடிக்கிறது. ஐப்பசி பிறக்க இன்னும் சில வாரங்கள் இருந்த ஒரு சனிக்கிழமை, பாண்டுரங்கன் அந்த அத்தியாயத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

"அலை அவனை மூடியது. மாணிக்கம் மீண்டும் மேலே வரவில்லை."

வாசித்துவிட்டு அவளைப் பார்த்தார். லூர்துமேரி வாயைத் திறந்தாள். கை கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

அவள் புருஷன் அருளப்பன் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போனவன். கட்டுமரம் மட்டும் பாலவாக்கம் கரையில் ஒதுங்கியது. உடம்பு வரவில்லை. தாலியைக் கழற்ற அவள் யாரையும் விடவில்லை. அவன் ஆத்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்று மாதாகோயில் சாமியார் சொன்னபோதும், "ஆளே வரலையே சாமி, இன்னாத்துக்குப் பூசை?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் பேரையும் அதற்குப் பிறகு யாரும் அவள் முன்னால் எடுப்பதில்லை.

"என்னம்மா ஆச்சு மாணிக்கத்துக்கு?" என்று பின்னாலிருந்து பீர் முஹம்மது கேட்டார்.

"ஒரு பலகையப் புடிச்சுக்கினான்! கரை சேந்துட்டான்!" என்றாள் லூர்துமேரி.

பின்வரிசை பெருமூச்சு விட்டுச் சிரித்தது. முன்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டுரங்கன் அவளை ஒரு கணம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை மூடி, "அடுத்த வாரம்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த முற்றத்தில் இரண்டு கதைகள் நடந்தன. முன்வரிசையில் சொர்ணம் வெள்ளைப் புடவை உடுத்தி மூலையில் உட்கார்ந்தாள். பின்வரிசையில் மாணிக்கம் பேர் தெரியாத ஒரு தீவில் கொட்டாங்கச்சியில் மழைத்தண்ணீர் பிடித்தான். முன்னால் சொர்ணத்தின் அண்ணன் அவளுடைய நகைகளை எடுத்துக்கொண்டு போனான். பின்னால் மாணிக்கம் வெள்ளிநிற மீன்கள் துள்ளும் கடலில் தனக்கே ஒரு தோணி கட்டிக்கொண்டு வீடு திரும்பினான். வந்து, பெண்சாதி கையால் குழம்பு சாப்பிட்டான். கொஞ்சம் தொப்பை வைத்தான். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபித்துக்கொண்டான்.

பகலில் கூடையோடு நடக்கும்போதும் லூர்துமேரிக்கு அவன் நினைப்புதான். நாற்பது வயதில் ஒரு புருஷன் எப்படி இருப்பான், தூங்கும்போது குறட்டை விடுவானா, நரைத்த மீசையை முறுக்கிக்கொள்வானா? அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்குமேல் அவள் குடித்தனம் பண்ணியதில்லை. அபிராமபுரம் பக்கத்து மண்பாதையில் வெயிலுக்குள் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக நினைத்துக் கட்டுவாள். சில நாள் சிரித்துக்கொள்வாள். வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுவது காதில் விழாது.

முன்வரிசையில் வாராவாரம் நாற்காலி போட்டு உட்காருகிற ஓய்வுபெற்ற கோர்ட்டு சிரஸ்தார் ஒருவர் உண்டு. ஒருநாள் வாசிப்பு முடிந்ததும் பாண்டுரங்கனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் ஓய், அவ சொல்றதெல்லாம் புஸ்தகத்துல இருக்கோ?"

"இல்லை சார்."

"நீர் தடுக்கறதில்லையா?"

பாண்டுரங்கன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சிரஸ்தார் தடியால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். "ஆத்துல எங்களுக்கெல்லாம் அழறதுக்கு வேற காரணம் இல்லியா என்ன? சரி, அடுத்த வாரம் என் நாற்காலியப் பின்னாடி போடச் சொல்லும். ரெண்டையும் சேர்த்துக் கேட்டுண்டிருந்தா தலை சுத்தறது."

அவர் பின்னால் போனதும் இன்னும் சிலர் போனார்கள். பாண்டுரங்கன் குரல் வாராவாரம் இன்னும் தணிந்தது. கடைசியில் அவர் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவரும் அவள் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாவல் முடிகிற சனிக்கிழமை வந்தது. வானம் மூடியிருந்தது, மழை வரவில்லை. பாண்டுரங்கன் கடைசி அத்தியாயத்தைப் பிரிக்கவில்லை. அவள் பக்கம் குனிந்தார்.

"இன்னிக்கு நான் வாசிக்கலம்மா. நீயே முடிச்சுடு."

"எனக்கு இன்னா தெரியும் நைனா?"

"இத்தனை நாளும் நீதானே சொன்னே."

லூர்துமேரி எழுந்து நின்றாள். மாணிக்கத்துக்கு ஒரு மகளைக் கொடுத்து, கல்யாணம் பண்ணி, பேரன் பிறக்கிற வரை கொண்டுபோகலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் சொல்லத் தொடங்கியதும் வேறு ஒன்று வந்தது.

"ஒருநா விடிகாலைல அவன் எயுந்தான். சொர்ணம் கஞ்சி குடுத்தா. குடிச்சான். வாசல்ல நின்னு, சாயங்காலம் வந்துர்றேன்னான். தோணியத் தள்ளிக்கினு போனான். தூரத்துல போயி ஒருவாட்டி திரும்பிப் பாத்து கையக் காட்டினான். இவளும் காட்டினா."

நிறுத்தினாள். காற்றில் விளக்கு உஸ்ஸென்று இரைந்தது. பீர் முஹம்மது மெதுவாகக் கேட்டார்.

"திரும்பி வந்தானாம்மா?"

"வரல பாய்," என்றாள் லூர்துமேரி. "வரவே இல்ல. அவ நெறய நாளு பாத்துக்கினு இருந்தா. அவன் கடலோட பூட்டான்."

அவள் குரல் அன்றைக்கு உயரவில்லை. ஆனாலும் கடைசிச் சுவர் வரை கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை. சிரஸ்தார் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாண்டுரங்கன் மேசை மேலிருந்த தண்ணீர்ச் செம்பை அவளிடம் நீட்டினார். அவர் சரிக்க, அவள் கையை ஏந்திக் குடித்தாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று லூர்துமேரி மெழுகுவத்தி வாங்கினாள். அருளப்பனுக்குக் கல்லறை கிடையாது. கல்லறைத் தோட்டத்துப் பொதுச் சிலுவையின் அடியில் ஏற்றி வைத்தாள். காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எதையோ ரொம்ப நாளாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் அன்று இறங்கின. பிறகு சாமியாரிடம் போய்ப் பூசைக்குச் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்டதால் வாசிப்பை உள்ளே கூடத்துக்கு மாற்றினார்கள். நனைந்த புடவையைப் பிழிந்தபடி லூர்துமேரி வந்தபோது மேசை மேல் புதுப் புத்தகம் இருந்தது.

"இதுல யாராச்சும் சாவுறாங்களா நைனா?"

பாண்டுரங்கன் சிரித்தார். "இது நட்சத்திரங்களப் பத்தினதும்மா." பக்கங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் தயங்கினார். "ஆனா நட்சத்திரமும் ரொம்பக் காலம் எரிஞ்சு ஒருநாள் அணைஞ்சு போகும்னு போட்டிருக்கு."

லூர்துமேரி முந்தானையை உதறிவிட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பரவால்ல," என்றாள். "இருக்கறத அப்டியே படி."