மூன்றாவது கட்டம்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குச்சியக்கா என்று பெயர். மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுப்பவளுக்கு ரோஜாக்கா என்றா பெயர் வைப்பார்கள்? பதினாறு வருஷமாக அவளைக் கண்டாலே பிள்ளைகள் அலறுகின்றன. அந்தச் சளியைச் சோதிக்கும் மெஷினுக்கு ஐந்தே வைரஸ்தான் தெரியும். ஆறாவது எதிரே வந்து நின்றாலும் 'இல்லை' என்றுதான் சொல்லும். ரிப்போர்ட் தாளிலும் இரண்டே கட்டம்: உண்டு, இல்லை.

அந்த மழைக்காலத்தில் வார்டு முழுக்க இளைப்பு. ரிப்போர்ட் அத்தனையும் 'இல்லை'. வைரஸ் இல்லையென்றால் பழி யார்மேல் விழும்? பெற்றவள்மேல்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரிய டாக்டர் படுக்கை படுக்கையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"குளிர்ந்த தண்ணி குடுத்தியா?"

ஏழாம் படுக்கைப் பிள்ளையின் அம்மா கொடுத்திருந்தாள், ஒரே ஒரு டம்ளர். போதாதா? பிள்ளை தேறியதும் தானே வளர்த்துக்கொள்வதாகவும், மருமகள் பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றும் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். புருஷன் அதற்கும் தலையாட்டினான்.

குச்சியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேல் வைத்து எல்லா ரிப்போர்ட்டிலும் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள்: 'எங்களுக்குத் தேடத் தெரியவில்லை.' மறுநாளே மெமோ வந்தது.

"தெரியலைன்னு எழுதினா நம்ம மானம் என்னாகும்?" என்றார் பெரிய டாக்டர். "மிச்சச் சளியெல்லாம் ஃப்ரீசர்ல சேர்த்து வச்சிருக்கியாமே? அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். அப்புறப்படுத்து."

"சரிங்க சார்."

அப்புறப்படுத்தத்தான் செய்தாள். சளிக் குப்பிகளைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தை இன்ஸ்பெக்‌ஷன் தாள்களுக்கு நடுவே செருகி நீட்டினாள். இரண்டு வரிக்குமேல் இருந்தால் படிக்காமலே கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். அவள் பதினோரு வரி எழுதியிருந்தாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. இருபத்து மூன்று குப்பியில் பதினேழில் ஒரே வைரஸ், மெஷினுக்குத் தெரியாத வைரஸ். ஏழாம் படுக்கையும் அதில் ஒன்று. "எனக்கு முதல்லயே சந்தேகம்" என்று நிருபர்களிடம் பெரிய டாக்டர் அளந்துவிட்டார். மெமோவை யாரும் திரும்ப வாங்கவில்லை.

குச்சியக்கா வார்டுக்கு ஓடினாள். ஏழாம் படுக்கைக்கு அன்று டிஸ்சார்ஜ். பிள்ளை மாமியார் இடுப்பில் இருந்தது. பெற்றவள் சுவரோரம் நின்றாள்.

"தண்ணியால வரலம்மா. வைரஸ். இங்க முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு அதேதான்."

"எழுதிக் குடுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

குச்சியக்கா 'உண்டு' கட்டத்தில் டிக் போட்டாள். கீழே, 'காரணம்: தாய் அல்ல' என்று எழுதி மாமியாரிடமே நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் தேட மாமியார் பிள்ளையை இறக்கிவிட்டாள். அது நிமிர்ந்து பார்த்தது. எதிரே குச்சியக்கா! 'வீல்' என்று அலறிக்கொண்டு ஓடி, குனிந்து தூக்கிய அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மாமியார் தாளை இரண்டு தரம் படித்தாள். பிள்ளையைத் திரும்பக் கேட்கவில்லை.