எழுமலையில் கட்டிய முகூர்த்தப் பட்டு

போன வைகாசியில் எழுமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மணப்பெண், என் கணவரின் அலுவலக நண்பருடைய மகள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மணப்பெண் அலங்கார வகுப்பை முடித்திருந்தேன். ஒருவர்கூட வேலைக்குக் கூப்பிடவில்லை. கை மறந்துவிடக் கூடாதே என்று தினமும் வீட்டில் பட்டுச்சேலை கட்டிவிட்டுப் பழகுவேன். அதற்கு ஆள் வேண்டுமே? வேறு யார், என் கணவர்தான். முறைத்துக்கொண்டே நிற்பார். "வெளிய சொல்லிப்புட்ட, அம்புட்டுத்தான்" என்று மிரட்டல் வேறு.

அன்று மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்த பெண், உசிலம்பட்டியில் இன்னொரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு, முகூர்த்தப் பட்டு கட்ட வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார். திரும்பும் வழியில் கார் நின்றுவிட்டது. இங்கே பட்டைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து, மணப்பெண் கையில் கொடுத்தாகிவிட்டது. அதுவரை மடிப்பைப் பிரிக்கக் கூடாது என்பதால் முன்கூட்டியே கொசுவம் எடுத்து வைக்கவும் வழியில்லை. முகூர்த்த நேரம் முடியப் போகிறது. அறையில் ஆளுக்கொரு பக்கம் சேலையை இழுக்க, மணப்பெண்ணின் கண் கலங்கி மை கரையத் தொடங்கியது.

நான் ஓரமாக நின்றேன். "நான் கட்டிவிடவா?" என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. சொதப்பினால் ஊரே பேசுமே.

அறை வாசலில் நின்ற என் கணவர், பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அக்கா, இவளச் சேலை கட்டிவிடச் சொல்லுங்க. தெனமும் என்னைய நிக்க வச்சு, எனக்குத்தான் கட்டிவிட்டுப் பழகுறா."

அறையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த மணப்பெண்ணும் சிரித்துவிட்டாள். "ஆத்தாடி, பெறகென்ன? வாம்மா வெரசா" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். என் கணவரைவிட அந்தப் பெண் ஒல்லி, அசையாமலும் நின்றாள். வேலை சுலபமாக முடிந்தது. நல்ல நேரத்துக்குள் தாலி ஏறியது.

பந்தியில் உட்காரும் முன்பே, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா தன் மகள் கல்யாணத்தில் அலங்காரம் செய்ய என்னைப் பேசி முடித்தார். இப்போது முகூர்த்த நாட்களில் எங்கள் வீட்டில் என் கணவர்தான் சமையல். அலுவலகத்தில் அவரை இன்றுவரை ஓட்டுகிறார்கள்.

பழகியிருந்ததால் என் கை தயாராக இருந்தது, வாய்தான் வரவில்லை. எனக்காகத் தன் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டு அவர் வாய் திறந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிடுகிறது.