சிவப்புக் கோடு போட்ட கோப்பை

செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கருப்பண்ணன் மாமா விடியுமுன்னே போய்விட்டாராம்.

மாமாவை உங்களுக்குத் தெரியும். தேயிலை பாக்டரி அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. கை ஓய்ந்தால் பீடி. “வெளிய ஒரு அடுப்பு, உள்ள ஒரு அடுப்பு” என்று கூட வேலை செய்யும் நான் கேலி செய்வேன். “ரெண்டுக்கும் நான்தான்டா வெறகு” என்பார்.

போன மழையில் இருமலோடு ரத்தம் வந்தது. சயரோகம் என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ஊசி போடத் தொடங்கினார். எங்கள் வரிசை வீட்டு லயமே அவரை விட்டு ஒதுங்கியது. மகள் கைக்குழந்தையை அவரிடம் விடவில்லை. பாக்டரியில் அவருடைய தகரக் கோப்பைக்குச் சிவப்புக் கோடு போட்டுத் தனியே வைத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெயின்ட் எடுத்து, எது அவருடையது என்று தெரியாதபடி எல்லாக் கோப்பைக்கும் கோடு போட்டுவிட்டேன். அன்று யாரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. மாமா சிரிப்பார் என்று பார்த்தால் காதைத் திருகினார். “நெசமாவே ஒட்டுற நோயா இருந்தா இவங்க கதி என்னடா?” மண்ணெண்ணெய் கொடுத்து எல்லாவற்றையும் என்னையே துடைக்க வைத்தார், தன்னுடையதைத் தவிர.

ஐந்து மாத ஊசிக்கும் இருமல் அடங்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். எக்ஸ்ரே படத்தைக் காட்டி, சயரோகமில்லை, புற்றுநோய் என்றார் டாக்டர். எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி, மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடத்திலேயே. கழுத்திலும் பரவிவிட்டது. ஓரத்தில் சின்னதாக இருந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், சில வருடம் கிடைத்திருக்கும். இனி சில மாதம்தான். மாமா கேட்டது ஒன்றே ஒன்று: “புள்ளைக்கு ஒட்டுங்களா, ஐயா?”

ஒட்டாது என்றார்.

பஸ்ஸில் வழியெல்லாம் “ஒட்டாதாம்டா, ஒட்டாதாம்டா” என்று என் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்றே மகள் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். மூன்று மாதம் அவன் தாத்தாவின் நெஞ்சில்தான் தூங்கினான். முதலில் மாமாவின் குரல் போனது. பிறகு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார். கடைசியில் அந்தச் சின்னக் கனத்தையும் நெஞ்சு தாங்கவில்லை. பக்கத்தில் கிடத்தி, கையை மட்டும் அவன்மேல் வைத்திருந்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வரை.

சாவு வீட்டில் தேத்தண்ணி கொடுக்க பாக்டரிக் கோப்பைகளைத்தான் கொண்டுவந்தார்கள். சிவப்புக் கோடு போட்டது தட்டிலேயே நின்றது. ஒட்டாது என்று தெரிந்த நம் ஆட்கள்தான், ஒருவரும் தொடவில்லை. நான் குடித்தேன். கழுவி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். மாமாவுடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கோட்டைத் துடைக்கவில்லை. அவரை நினைத்துக்கொண்டு யார் வந்தாலும் என் வீட்டில் தேத்தண்ணி உண்டு. அந்தக் கோப்பையில்தான் தருவேன்.