கருப்பனாரிடம் போன குதிரைப்படை வாள்

சேந்தமங்கலத்தில் லாரி ஓட்டுகிறவர்களின் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வடக்கே லோடு ஏற்றிக் கிளம்பும்போதே, திரும்பி வருகையில் என்ன வாங்கி வர வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சூரத் சேலை, ஜெய்ப்பூர்ப் பஞ்சு ரஜாய், பானிப்பட்டுப் போர்வை என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். காளிதாஸின் மனைவி சித்ரா மட்டும் வாள் கேட்பாள்.

சுவரில் மாட்டுகிற பொம்மை வாளைக் கேட்கமாட்டாள். ஒரு காலத்தில் ஏதோ ஒரு படைவீரனின் இடுப்பில் தொங்கிய, உண்மையான பழைய வாள் வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு ஸ்க்ரூதான் காரணம். அவர்கள் புது வீடு கட்டிக் குடிபோனபோது, உதய்ப்பூர் பக்கம் ரோட்டோரக் கடையில் காளிதாஸ் ஒரு வாள் வாங்கி வந்தார். ராஜா காலத்து வாள் என்று கடைக்காரன் தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தான். கூடத்தில் மாட்டினார்கள். வந்த சொந்தபந்தம் எல்லாம் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஒருநாள் தூசி துடைக்கும்போது வாளின் பிடியில் ஒரு ஸ்க்ரூ இருப்பதைச் சித்ரா பார்த்தாள். அவர்கள் வீட்டு மிக்ஸியின் அடியில் இருக்கிற அதே ஸ்டார் ஸ்க்ரூ.

"ஏனுங்க, ராஜாவுக்கு ஸ்டார் ஸ்க்ரூ எந்தக் கடையில கெடைச்சுது?" என்று கேட்டாள். காளிதாஸ் அன்றைக்குப் பூராவும் வண்டிக்கு அடியிலேயே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

சந்தையில் ஒவ்வொரு கத்தரிக்காயையும் காம்பு வரைக்கும் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் சித்ரா. அவளை ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. கைபேசியில் வாள்களைப் பற்றி என்னென்ன கிடைத்ததோ அத்தனையும் பார்த்தாள், படித்தாள். சேலம் அஸ்தம்பட்டியில் குருமூர்த்தி என்று ஒருவர் பழைய வாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் தேடிப் போய்ப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இவள் கேட்ட சந்தேகங்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனார்.

பிறகு வியாபாரம் வீடியோ காலில் நடந்தது. ஜோத்பூரிலோ பிகானேரிலோ ஒரு பழைய இரும்புக் கடையில் காளிதாஸ் நிற்பார். சேந்தமங்கலத்தில் சித்ரா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"போனப் பிடிக்கிட்ட கொண்டு போங்க. அக்கட்டால இல்லீங்க, இக்கட்டால. இப்பத் தட்டுங்க. சத்தம் கேக்கோணும்."

"தட்டிட்டேன்."

"இது தகரமாட்டக் கத்துது. வெச்சுட்டு வாங்க."

நாளடைவில் அந்தக் கடைவீதிகளில் காளிதாஸின் பெயரே மறைந்துபோய், 'மேடம்வாலா', அதாவது மேடத்தின் ஆள், என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சேர்ந்த வாள்களை எல்லாம் மாடி அறையில் வரிசையாக ஆணியடித்து மாட்டினாள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் அவளே போய் விவரம் சொன்னாள். "இத்தனை வாளை வெச்சு என்னம்மா பண்ணுவே?" என்று அதிகாரி கேட்டார். "பாப்பேனுங்க சார். இதுல வெங்காயம்கூட நறுக்க முடியாதுங்க," என்றாள். அவர் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்து, ஒன்றை எடுத்து நறுக்கியும் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அறைக்கு அவள் வைத்த சட்டம் கடுமையானது. வெறுங்கையால் அலகைத் தொடக் கூடாது, வியர்வை பட்டால் துரு ஏறும். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி மூன்றும் மாடிப்படி ஏறக் கூடாது. ஆயுத பூஜைக்குக்கூட உறையில் மட்டும்தான் சந்தனப் பொட்டு. மற்றபடி மெல்லிய துணி, தையல் மெஷின் எண்ணெய், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர், நடு ஆணியில் தொங்கிய குதிரைப்படை வாள். மெல்ல வளைந்த அலகு. கையைக் காக்க மூன்று இரும்புக் கம்பிகள் வளைத்த பிடி. கம்பியின் ஓரத்தில் படைப்பிரிவின் எண் மங்கலாகக் குத்தியிருந்தது. பிடியில் சுற்றிய தோல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததைப் பார்த்து, வைத்திருந்தவன் இடக்கைக்காரன் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். அதைத் துடைக்கும்போது மட்டும் கைபேசியை அணைத்துவிடுவாள்.

ஆடி மாதம் வந்தது. காளிதாஸின் பங்காளிகளுக்குக் குலசாமி காட்டுக் கருப்பனார். கொல்லிமலை அடிவாரத்தில், மேலே தகரம் போட்டு நாலு பக்கமும் திறந்த கோயில். பூசாரி அப்புசாமி, காளிதாஸுக்குப் பெரியப்பா மகன், சித்ராவுக்கு மாமா முறை. கோயிலில் இருந்த நீள வாளுக்குப் பிடி ஆடிக்கொண்டே இருந்தது. போன வருட ஆடிப் பொங்கலன்று அப்புசாமிக்கு அருள் வந்து வாளைச் சுழற்றியபோது, பிடி கையில் இருக்க, அலகு மட்டும் பறந்துபோய்ப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் குத்திட்டு நின்றது. அதற்கப்புறம் கருப்பனார் முன்னால் முதல் வரிசையில் நிற்க யாரும் வரவில்லை.

எனவே இந்த வருடம் அப்புசாமி வாள் கேட்டு வந்தார். அவர் வந்த நேரத்தில் சித்ரா சேலத்தில் அக்கா பேத்தியின் காதுகுத்தில் இருந்தாள். காளிதாஸ் மாடிக்குப் போய்ப் பார்த்தார். சாமிக்குக் கொடுப்பதென்றால் உள்ளதிலேயே நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்? நடு ஆணியில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பிய சித்ரா மாடிக்குப் போனாள், இறங்கி வந்தாள்.

"ஏனுங்க, நடு ஆணி காலியா இருக்குதே?"

காளிதாஸ் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கினார். அது போன வாரத்துப் பேப்பர்.

"அப்புசாமியண்ணன் வந்தாரு புள்ள."

"வந்து?"

"கருப்பனாருக்கு வாள் இல்லைன்னாரு. நம்ம ஊட்ல நெறைய இருக்குதுல்ல."

"நெறைய இருந்தா, என்ற நகையையும் எடுத்துக் குடுப்பீங்களா?"

"நகை நெறைய இல்லியே," என்றார் காளிதாஸ். சொன்ன பிறகுதான் அது சொல்லக் கூடாத பதில் என்று அவருக்கே தெரிந்தது.

சித்ரா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கைப்பையோடு ஸ்கூட்டியில் கோயிலுக்குப் போனாள். வண்டியை நிறுத்திவிட்டு நேரே சாமிக்கு முன்னால் போனாள். மூன்று கம்பிப் பிடியை ஈர மண்ணில் புதைத்து, நுனி வானத்தைப் பார்க்க வாளை நட்டிருந்தார்கள். அலகு முழுக்க மஞ்சள், குங்குமம். நுனியில் ஓர் எலுமிச்சம்பழம். அதன் சாறு அலகின் நடுவில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

புளிப்பு பட்ட எஃகு நிறம் மாறும், அப்படியே விட்டால் அரித்துக்கொண்டு போகும். அது அவளுக்குத் தெரியும். வேறு எதையும் யோசிக்காமல் கைப்பையைத் திறந்து, எப்போதும் வைத்திருக்கும் எண்ணெய்ப் புட்டியையும் துணியையும் எடுத்தாள். பழத்துக்குக் கீழிருந்து மண் வரைக்கும் அலகைத் துடைத்து, எண்ணெய் பூசினாள். பின்னால் யாரோ மணியடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நின்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புசாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அம்மிணி, நீ வாளத் திருப்பிக் கேக்கத்தான் வாரேன்னு பயந்துட்டு இருந்தேன். உன்ற கையாலயே எண்ணெய்க் காப்புச் சாத்திட்டியே சாமி. இனி இது கருப்பனாருக்குச் சொந்தம்."

"மாமா, அது தையல் மெஷின் எண்ணெயிங்க."

"சாமி எண்ணெயவா பாக்குது? மனசத்தான பாக்குது."

"என்ற மனசு வாளு வேணும்னுதானுங்க சொல்லுது."

அப்புசாமி சிரித்தார். ஆனால் வழக்கம் வழக்கம்தான் என்று சொல்லிவிட்டார். காப்புச் சாத்திய பொருள் கோயில் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சாமியிடம் பூ கேட்க வேண்டும். காலையில் வரச் சொன்னார்.

"அதுவரைக்கும் அந்த எலுமிச்சம்பழத்தையாவது எடுத்துப் போடுங்க மாமா."

"அதுக்கும் பூத்தான் கேக்கோணும் அம்மிணி."

மறுநாள் காலை பங்காளிகள் சிலர் கூடினார்கள். காளிதாஸ் மனைவிக்கு எட்டாத தூரம் பார்த்து நின்றார். பூ கேட்பது என்றால், கருப்பனார் கல்லின் இரண்டு தோளிலும் ஈரமான வெள்ளை அரளிப் பூவை ஒட்டவைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது. வலத்தோள் பூ முதலில் விழுந்தால் சாமி சம்மதம். இடத்தோள் பூ விழுந்தால் இல்லை.

"அப்பனே, வாளத் திருப்பித் தரலாமா?" என்று அப்புசாமி கேட்டு வாயை மூடவில்லை, இடத்தோள் பூ பறந்தே போய்விட்டது.

"பாத்தியா அம்மிணி."

"மாமா, அது விழுகல, பறந்துச்சு," என்றாள் சித்ரா. "சாமி கெழக்கப் பாத்து நிக்குது. ஆடிக் காத்து தென்மேற்க இருந்து அடிக்குது. இப்படிக் காத்தடிச்சா எந்தப் பூவும் இடப்பக்கமாத்தானுங்க போகும்." முந்தானையை உயர்த்திப் பிடித்தாள். அது சாமியின் இடப்பக்கமாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. "காத்து சொல்றதெல்லாம் வாக்காகுமாங்க?"

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது நாள் வரைக்கும் ஆடியில் கேட்ட வரமெல்லாம் ஏன் கிடைக்கவில்லை என்று சிலருக்கு அப்போதுதான் தோன்றியது. காளிதாஸ் சந்தடி இல்லாமல் போய், ரோட்டோரம் நிறுத்தியிருந்த தன் லாரியிலிருந்து தார்பாயை எடுத்துவந்தார். லோடு மூடிக் கட்டுகிற அதே கட்டாகத் தூண்களில் இழுத்துக் கட்டினார். காற்று அடங்கிவிட்டது.

மறுபடி பூ வைத்தார்கள். இந்த முறை எந்தப் பூவும் விழவில்லை. டீ வரவழைத்துக் குடித்தார்கள். அப்போதும் விழவில்லை. ஒருவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

"சாமி ரோசனை பண்ணுதாட்ட இருக்குது," என்றார் அப்புசாமி.

சித்ராவுக்கு அந்த மௌனம் பழகிய மௌனம். ஜோத்பூர்க் கடைக்காரர்களும் இப்படித்தான் இருப்பார்கள். தரமாட்டேன் என்று சொல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், இன்னும் ஏதாவது கூடப் போடு என்று அர்த்தம். கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, சும்மா நிக்கறீங்களே. குடுத்தது நீங்கதான. ஏதாச்சும் கூடப் போடுங்க."

காளிதாஸ் கைகூப்பினார். "கருப்பா, வண்டியத் தாங்கற ஸ்பிரிங் பட்டையில ஒண்ணக் கழட்டி, நல்ல அருவாளா அடிச்சுக் கொண்டாந்து நடறேன்."

பூ அசையவில்லை.

"பத்தாதாட்ட இருக்குது," என்றாள் சித்ரா.

"ரெண்டு அருவா."

அசையவில்லை.

"இன்னும் கழட்டினா வண்டி படுத்துக்கும் புள்ள."

சித்ரா எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். பிறகு வாளுக்குப் பின்னால் வரிசையாக நட்டிருந்த சாமியின் மற்ற ஆயுதங்களைப் பார்த்தாள். அரிவாள், ஈட்டி, சூலம் எல்லாம் துரு ஏறி, குங்குமத்துக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றன. மாடி அறையில் அப்படி ஒன்று இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. இத்தனை நேரம் அதைக் கவனிக்காமல் இருந்ததற்கு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

"கருப்பா," என்றாள். விலை பேசுகிற குரல் போய், குரல் இறங்கியிருந்தது. "என்ற வாளக் குடுத்துரு. அமாவாசைக்கு அமாவாசை நானே வந்து உன்ற சாமானத்தையெல்லாம் தொடச்சு எண்ணெய் போட்டு வெக்கறேன். துருவ அண்ட உடமாட்டேன்."

 பிறகு வலத்தோள் பூ மெல்ல வழுக்கி, கல்லின் மார்பில் ஒரு கணம் தயங்கி, கீழே விழுந்தது. தார்பாய் துளிகூட அசையவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

வாளைத் தோண்டி எடுத்துச் சித்ராவின் கையில் கொடுத்தார்கள். பழத்தை எடுத்துப் பார்த்தால், நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கருஞ்சாம்பல் கறை. மறுவாரம் அஸ்தம்பட்டியிலிருந்து வந்த குருமூர்த்தி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பதமாகத் தேய்த்தால் போய்விடும் என்றார். சித்ரா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "இருக்கட்டுங்க. குதிரைப்படையில இருந்தப்ப விழுந்த வெட்டுக்காயத்தையெல்லாம் அப்படியே விட்டிருக்கறம். கருப்பனார்கிட்ட டூட்டி பாத்தது மட்டும் எதுக்கு மறையோணும்?"

காளிதாஸ் சொன்னபடி இரண்டு பட்டைகளைக் கழற்றி அரிவாள்களாக அடித்துக் கொடுத்தார். புதுப் பட்டை மாட்டுகிற வரைக்கும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றது.

அமாவாசை வந்தது. சொன்ன சொல் தவறாமல் சித்ரா எண்ணெயும் துணியுமாகக் கோயிலுக்குப் போனாள். அப்புசாமி பூ கட்டிக்கொண்டே அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிவாள்களை முடித்து, ஈட்டிகளை முடித்து, ஓரத்தில் பாதி புதைந்து கிடந்த ஒரு குட்டையான பட்டாக்கத்தியை எடுத்தாள். எண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடைக்கத் துடைக்க, துருவுக்கு அடியிலிருந்து இரும்பில் தண்ணீர் ஓடுகிற மாதிரி நெளிநெளியாகக் கோடுகள் வெளியே வந்தன; அந்தக் காலத்து உயர்ந்த எஃகுக்கு மட்டுமே உள்ள அடையாளம். அவள் கை நின்றது. விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள். கத்தி நீளமாக, இனிமையாகப் பேசியது.

சித்ரா மெதுவாகத் தலையைத் தூக்கிக் கருப்பனாரைப் பார்த்தாள்.

"அம்மிணி," என்றார் அப்புசாமி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்குப் பூ கேக்கறதா இருந்தா, உன்ற ஊட்டுக்காரன் வண்டியில பட்டையே மிஞ்சாது, பாத்துக்க."