கோபமாக அடிக்கச் சொன்னவர்

சுதந்திரம் வந்த வருடம் அது. எங்கள் அலுவலகத் தட்டச்சு இயந்திரம் சிவப்பு மையிலும் அடிக்க ஒரு புதுக் கருவி பொருத்த வேண்டியிருந்தது. காஜா பெராங் தெருவில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். ஒல்லியானவர்; காதில் பென்சில் போலத் திருப்புளி செருகியிருப்பார்.

கருவியை முதலில் மரச் சட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். பிறகு இயந்திரத்தில் பொருத்தி என்னை உட்கார வைத்தார்.

"சட்டத்துல எல்லாமே நல்லாத்தான் ஓடும் சார். நீங்க கோவமா எதையாச்சும் அடிங்க. அப்பத்தான் கோளாறு தெரியும்."

எனக்கு எங்கள் அலுவலக வெள்ளைக்காரத் துரைமேல்தான் கோபம். வேலையை விடுவதாகவே ஒரு கடிதம் அடித்துத் தள்ளினேன்.

தாளை உருவி, கறுப்பில் சிவப்பு கசிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மெஷின் ஓகே. கையெழுத்துப் போடலையா சார்?"

அவருடைய பேனாவை வாங்கியே போட்டேன். படித்துவிட்டுக் கேட்டாரா, எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.