மூடி வைத்த விடை

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நானும் என்னோடு ஆய்வு செய்யும் டாக்டரும் இருந்தோம். எங்கள் பேராசிரியர் வரவில்லை. அவர் அனுப்பிய புள்ளியியல் நிபுணர் எதிரே உட்கார்ந்திருந்தார். நரைத்த கிராப், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். நாங்கள் அவரை அக்கா என்றே அழைத்தோம்.

நீரிழிவுக் கால்புண்ணுக்கு ஒரு களிம்பு உதவுமா என்று, பலர் செய்த ஆய்வுகளை மென்பொருளில் ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தோம். உதவும் என்று வந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் பெயர் அச்சேறப்போகும் முதல் கட்டுரை அது.

அக்கா எங்கள் மடிக்கணினித் திரையின் அடிப்பகுதியில், மொத்த விடை தெரியும் இடத்தை ஒட்டுத்தாளால் மறைத்தார்.

“ஏன்க்கா மறைக்கிறீங்க?” என்றேன்.

“பதில பாத்துட்டா தப்பு கண்ணுல படாது தம்பி.”

தேநீர் ஆறும்வரை, நாங்கள் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்த அந்த ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டியவர், இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். “இது ரெண்டும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாசங்க. அதே பேஷண்டுங்கள ரெண்டு தடவ எண்ணிட்டீங்க.”

“எழுதுனவங்க வேற ஆளுங்கக்கா. சாப்ட்வேர் ஒண்ணும் சொல்லலையே,” என்றார் டாக்டர்.

“அதுக்கு நம்பர்தான் தெரியும் லா. கால் யாரோடதுன்னு தெரியுமா?”

ஒன்றை நீக்கி மென்பொருளை மறுபடி ஓட்டச் சொன்னார். ஓடி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். விடையை அவர் பார்க்கவேயில்லை. அது எப்படி அவரால் முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

தாளை நாங்கள்தான் உரித்தோம். களிம்பு உதவும் என்று இனிச் சொல்ல முடியாது. எல்லாக் கட்டுரைகளையும் மறுபடி சரிபார்த்து, முடிவுரையை மாற்றி எழுத எங்களுக்கு ஆனது நான்கு மாதம்.