உடுத்தாத பாவாடை

எங்கள் தெருப் பெண்களுக்கு அறக்கட்டளை என்ற சொல் வாயில் வராது. டிரம்மு என்பார்கள். "இந்த வாரம் டிரம்முக்குப் போட்டாச்சா மதினி?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் வசதி.

கம்பத்தில் ஒரு வாழைக்காய்க் கமிஷன் கடையில் நான் சுமை தூக்கினேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. தார் சுமக்கக் கூச்சமில்லை. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கத்தான் கூச்சம். டிரம்மு எங்கள் கடையின் பின்கட்டில் இருந்ததால் அது வந்த விதம் எனக்குத் தெரியும்.

ஒரு கோடையில் வாய்க்கால் ஓரத்துக் குடிசைகள் காற்றில் தீப்பிடித்து வரிசையாக எரிந்தன. யாரும் யாரையும் கேட்கவில்லை. கீற்று வந்தது, பானை வந்தது, அரிசி வந்தது. எல்லாரும் மறுபடி கூரை போட்டு உள்ளே போன பிறகும் கடையில் அரிசி மீந்து கிடந்தது. எங்கள் முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எரிஞ்ச பெறகு ஓடுறோம்ப்பா. எரியுறதுக்கு முன்னாடியே கையில இருந்தா என்ன?"

அப்படித்தான் ஊரில் ஓர் அறக்கட்டளை வைத்தார்கள். விற்கிற ஒவ்வொரு தாருக்கும் வியாபாரிகள் மகமை என்று ஏதோ கொஞ்சம் ஒதுக்குவது முன்பிருந்தே உண்டு. கோயில் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த மகமையில் ஒரு பங்கு இதற்கும் வந்தது. விற்பதற்கு ஒன்றும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குப் பிடியரிசி. உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடியைத் திருப்பி எடுத்து ஒரு சட்டியில் போட்டு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து டிரம்மில் கொட்ட வேண்டும். எங்காவது வீடு இடிந்தால், தீப்பிடித்தால், அந்த டிரம்மு அங்கே போகும்.

அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யார் சொன்னது என்று தெரியாது, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். டிரம்முக்குக் கொடுத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு போகக்கூடாது. ஒருமுறை எங்கள் பக்கத்து வீட்டு மதினி சட்டி அரிசி என்று நினைத்து அன்றைக்கு வாங்கிய ரேஷன் அரிசியை அப்படியே கொட்டிவிட்டார். எல்லாரும் அள்ளிக்கொள்ளச் சொன்னோம். "அள்ளுனா ஊரு சிரிக்காதா? இன்னைக்கு என் வீட்டுக்காரருக்குக் கேப்பைக் களிதான். அவரு மூஞ்சி போற போக்கைப் பாக்கணும் நீங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு வெறும் பையோடு போனார்.

எங்களுக்கு ஒரே மகள். அம்மா ஒரு பிடி எடுத்தால், "என் பிடி" என்று அவளும் ஓர் உள்ளங்கை எடுத்துப் போடுவாள். பாதி தரையில் சிந்தும். சுனாமி வந்த அந்த வருடம் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது நானும் என் வீட்டுக்காரியும் அவளை மடியில் கிடத்திக்கொண்டு வந்தோம். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அந்தத் தீபாவளிக்கு அவளுக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருந்தோம். கத்தரிப்பூ நிறம், கடுகு நிறக் கரை. டெய்லர் பண்டிகைக்கு முந்தின நாள் வாசலில் வந்து நின்றார். தைத்ததை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. "வளர்ற பிள்ளைன்னு அடியில நெறைய மடிச்சுத் தைச்சிருக்கேன்" என்று சொல்லி, சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, பையை என் கையில் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரி அதைப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். சோறு ஆக்கினாள், தண்ணீர் பிடித்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிடியரிசிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தெருவில் பெண்கள் டிரம்முக்குப் போகும்போது எங்கள் கதவு சாத்தியிருக்கும்.

மார்கழியில் கடல் ஏறி வந்தது. கடையில் இருந்த டிவியில் பார்த்தோம். எங்களில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அன்றைக்கு மார்க்கெட்டில் ஏலம் கூவியவர் குரல்கூட இறங்கிப் போயிருந்தது. மறுநாள் அறக்கட்டளை ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகப் போனார்கள். அரிசி, பாத்திரம், உடுத்தக்கூடிய துணி. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு அப்படிக் கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் கூலிப் பெண்கள் ஜீப்பை நிறுத்தி இறங்கி, மடியில் கட்டியிருந்த கூலியைக் கொடுத்துவிட்டு ஏறிப்போனார்கள். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் போர்வைக் கட்டுகளோடு வந்தார். துணி மட்டும் கடைக்குள் வைக்க இடமில்லாமல் வெளியே மலைபோலச் சேர்ந்தது.

நாகப்பட்டினத்துக்கு லாரி கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரி பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். பாவாடையை மடியில் விரித்து ஒரு ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். புதுத்துணியை அப்படி மஞ்சள் வைத்து, "உடுத்திக் கிழி ஆத்தா" என்று சொல்லித்தான் எங்களில் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

"லாரியில நீங்களும் போறீகளா?"

"போறேன்."

"இதைக் கொண்டு போங்க. கட்டோட கட்டாப் போட்றாதீக. கையில கொடுங்க. எந்தப் பிள்ளை உடுத்துதுன்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும். செகப்பா, கருப்பா, தல பின்னியிருந்துச்சான்னு எல்லாம் சொல்லணும்."

ஐப்பசிக்குப் பிறகு அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். கவிழ்த்த சட்டியை நிமிர்த்தி ஒரு பிடி அரிசியும் போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பாவாடையை ஒரு பிள்ளை உடுத்திவிட்டால் இவள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள் என்று தோன்றியது. உடுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயந்தேன்.

லாரியில் அரிசி, துணி, அதற்கு மேல் வாழைத்தார். காய்த்தார் போதும் என்று சொன்னதைக் கேட்காமல் ஒருவர் பழுக்கிற பதத்தில் ஏற்றிவிட்டார். மதுரை தாண்டுவதற்குள் மணக்க ஆரம்பித்தது. என்னோடு சுமை தூக்கும் மாமா, என்னைவிட மூத்தவர், மேலே படுத்திருந்தார். "ஏலே மாப்ள, நாகப்பட்டினம் போய்ச் சேர்றதுக்குள்ள பஞ்சாமிர்தம் ரெடி. தேன் மட்டும்தான் பாக்கி" என்று கத்தினார். நான் சிரித்தேன். பாவாடைப் பை என் சட்டைக்குள் இருந்தது.

நாகப்பட்டினத்துக்குள் போனதும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்ததையெல்லாம் சொல்லப் போவதில்லை. ரோட்டோரம் நெடுக என்னவோ குவிந்து கிடந்தது. கடல் கொண்டுவந்து போட்டது என்று நினைத்தேன். கிட்டப் போனதும் தெரிந்தது, அதெல்லாம் துணி. எங்களுக்கு முன்னால் வந்த லாரிகள் இறக்கியது. சேலை, வேட்டி, பிள்ளைகள் சட்டை எல்லாம் சேற்றில் மிதிபட்டு, மழையில் நனைந்து கிடந்தன.

சாமான் இறக்கும் இடத்தில் நின்ற ஒரு பையன் களைத்த குரலில் சொன்னான், "துணியாண்ணே? அரிசியை உள்ள இறக்குங்க. துணியை அந்தா அங்க போட்டுடுங்க. யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க."

மாமாவுக்குக் கோபம் வந்தது. "எம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றோம், ரோட்டுல போடவா?"

பக்கத்தில் ஒரு மீனவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்காமலே சொன்னார், "கோவிச்சுக்காதீங்கண்ணே. நேத்து வரைக்கும் நாங்களும் நாலு பேருக்குக் கொடுத்தவங்கதான். அடுத்தவங்க உடுத்துனதைக் கட்டிப் பழக்கமில்ல. சோறாக்கச் சட்டி கேட்டோம், ஒரு லாரியிலயும் வரல."

எங்கள் லாரியில் சட்டி கொஞ்சந்தான் இருந்தது. துணிதான் நிறைய. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எங்களுக்கு எது கொடுக்கத் தோன்றியதோ அதைக் கொண்டுவந்திருந்தோம். எங்கள் ஊர்க் கட்டுகளை நானே என் தோளில் சுமந்து அந்தக் குவியலில் இறக்கினேன்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன். அங்கேதான் ஆட்களைத் தங்க வைத்திருந்தார்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். ஒரு பெண், என் வீட்டுக்காரி வயசு இருக்கும், "என்னண்ணே?" என்றாள். பையை நீட்டினேன். "புதுசு. உடுத்துனது இல்ல" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவள் பாவாடையை எடுத்து உதறிப் பிடித்தாள். ஒரு பிள்ளை எதிரில் நிற்பதுபோல, அந்த உயரத்துக்கு இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அடி மடிப்பை விரலால் தடவினாள்.

"நல்லாத் தைச்சிருக்காங்க. பிரிச்சா ரெண்டு வருசம் வரும்" என்றாள். பிறகு, "இந்த உசரத்துல எங்க தெருவுல இப்ப யாரும் இல்லண்ணே" என்றாள்.

சாதாரணமாகச் சொன்னாள். கடையில் ஒரு சரக்கு இல்லை என்று சொல்வதைப் போல. தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து, தையல் மடிப்பு கலையாமல் மடித்துப் பைக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"உங்க புள்ளைக்குப் பத்தாமப் போச்சா? வச்சிருங்க. அதுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்தா ஆகும்."

என் பிள்ளையும் இல்லை என்று அந்த இடத்தில், அவள் முகத்தைப் பார்த்து, எப்படிச் சொல்வது? "சரிம்மா" என்றேன். வேறொரு பெண் வந்து எனக்கு டம்ளரில் டீ கொடுத்தாள். அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல என்னை உட்காரச் சொன்னார்கள். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

லாரி ஏறும்போது மாமா பையைப் பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, கொடுத்ததைத் திருப்பிக் கொண்டு போற? டிரம்முல விழுந்தது டிரம்முக்குத்தானே..." என்று ஆரம்பித்தவர் கடுகு நிறக் கரையைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர் வந்தபோது அவரும் என் வாசலில் இருந்தவர்தான். ஊர் வந்து சேரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

என் வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். பையைப் பார்த்தாள்.

"வேணாம்னுட்டாகளா?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். குவியலைச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். அந்த உயரத்தில் யாரும் இல்லை என்றதும் என் வீட்டுக்காரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவகளுக்கு நீங்க என்ன சொன்னீக?"

"சரின்னேன்."

"நம்ம பிள்ளையைச் சொல்லலையே?"

"சொல்லலை."

"நல்லது. அவகளுக்கு எதுக்கு இன்னொண்ணு" என்றாள். அப்போதுதான் அழுதாள். தெருவே எழுந்து வரும்படி அழுதாள். மதினி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நான் பையை வைத்துக்கொண்டு நின்றேன். ஐப்பசியில் வர வேண்டிய அழுகை அது. வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

கொடுத்தது வீட்டுக்குள் வரக்கூடாது. அவளே பையை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். டிரம்மின் வாயில் கட்டியிருந்த பழைய வேட்டித் துணியை எலி கடித்திருந்தது. அவள் பாவாடையின் அடி மடிப்பைப் பல்லால் நூலறுத்துப் பிரித்தாள். மடிப்பு முழுவதும் இறங்கியதும் டிரம்மின் வாயைச் சுற்றி மாட்டச் சரியாக வந்தது. மேலே நின்ற இடுப்பை நாடா இழுத்துச் சுருக்கிக் கட்டினாள்.

அதற்குப் பிறகு அறக்கட்டளை ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டது. முதலில் ரெண்டு பேர் போய், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வருவார்கள். அதன்பிறகுதான் ஆட்டோவில் மைக் கட்டுவார்கள். அடுத்த மாதமே நாகப்பட்டினத்துக்குச் சட்டியும் அடுப்பும் கயிறும் போயின. இன்னொரு வருடம் மலையில் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் லைன் வீடுகள் மேல் மண் சரிந்தபோது, அவர்கள் கேட்ட தார்ப்பாய் போனது. நான் ஒவ்வொரு முறையும் சுமை ஏற்றினேன். என் வீட்டுக்காரி மறுபடி பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் நான் எதிர்பார்த்தபடி அவள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு இடம் காலியாகவே இருந்தது. நாங்கள் அதைச் சுற்றிப் போய்வரப் பழகிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அரிசி கொட்டி முடித்த பிறகு அந்த நாடாவை அவள்தான் கட்டுவாள். வெயிலும் தூசியும் பட்டு வருடா வருடம் நிறம் போனது. மஞ்சள் தடவிய ஓரம் மட்டும் கொஞ்சம் தெரியும். தெருவுக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள், "அத்தே, இந்தத் துணி ரொம்ப வெளுத்துப் போச்சே. வேற நல்லதா ஒண்ணு கட்டுவமா?"

மதினி என்னைப் பார்த்தார். நான் தார்க் கட்டைத் தூக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரி டிரம்மின் மேல் கையை வைத்திருந்தாள். அது அவள் இடுப்புக்கு மேலே கொஞ்சம் உயரம்.

"இருக்கட்டும்த்தா. உடுத்திக் கிழியட்டும். பெறகு மாத்துவம்" என்றாள்.